வடிவுக்குக் கட்டின காப்பு

எம்மா, அந்தப் பைய கொஞ்சம் உங்க கால் பக்கம் தள்ளிக்கிடுங்க. என் தாம்பாளத்துல இடிக்கி. உள்ள பட்டுச் சேலை இருக்கு, பூ இருக்கு, பழம் இருக்கு. நசுங்கிச்சுன்னா போச்சு, அங்க போய் என் மைனிகிட்ட நாந்தான் பேச்சு வாங்கணும். ஆங், அப்படித்தான். நல்லா இருப்பிய.

கல்யாணத்துக்குத்தான் போறேன். முத்தையாபுரத்துல. நாளைக்கு முகூர்த்தம். யாருக்குக் கல்யாணம்னு கேக்குதியளா? இருங்க, பத்திரிகை வச்சிருக்கேன். படிச்ச பிள்ளை மாதிரி இருக்கிய, நீங்களே வாசியுங்க. மணமகள் சண்முகவடிவு. அதுக்குக் கீழ இன்னார் இன்னார் மகள்னு ரெண்டு பேரு இருக்கா? அது என் மைனியும் அவ மாப்பிள்ளையும். இன்னும் கீழ வாங்க. பொடி எழுத்துல தாய்மாமன், அத்தைன்னு போட்டிருக்குல்லா? அந்த அத்தை பூங்கனி நாந்தான்.

பெத்தவளும் நாந்தான்.

என்ன அப்படி முழிக்கிய? நெசமாத்தான் சொல்லுதேன். மைனின்னா எங்க வீட்டுக்காரவிய, அவியளுக்குக் கூடப் பொறந்த அக்கா. ஜெயக்கொடின்னு பேரு. மொறைப்படி வடிவுக்கு அவ அத்தை. இப்போ அவ அம்மான்னு ஆயிட்டா. அப்போ அவ தம்பி என்ன ஆவாரு? தாய்மாமன். தாய்மாமன் பெஞ்சாதி என்ன ஆவா? அத்தை. மொற எப்படிப் புரண்டு போச்சு பாத்தியளா! நான் பெத்த பிள்ளைக்கு நானே தாய்மாமன் சீர் சுமந்துக்கிட்டுப் போறேன். அவிய நேத்தே போயிட்டாவ, பந்தல் வேலை பாக்கணும்னு. அவியளுக்கு ஒண்ணும் வருத்தம் கெடையாது. ஆம்பளைக்கு என்ன, சோறு எங்க போட்டாலும் சோறுதான்.

நான் தூக்கிக் குடுத்துட்டேன்னு நெனச்சிராதிய. ஊருல அப்படித்தான் பேசுதாளுவ. நான் குடுக்கல. அவ புடுங்கிட்டுப் போனா. ஒரு மாசம் வச்சிருந்து அனுப்புதேன்னு கூட்டிட்டுப் போனவ, பதினாலு வருசம் ஆச்சு, இன்னும் அந்த ஒரு மாசம் முடியல. முத்தையாபுரத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

எங்களுக்கு அளத்து வேலை. உப்பளம். ஆறுமுகநேரிகிட்ட பஸ் வரும்போது ரெண்டு பக்கமும் பாத்திருப்பிய, உப்பைக் குவிச்சு ஓலை போட்டு மூடியிருக்கும். ஊரெல்லாம் மழை வேணும்னு கும்பிடும். நாங்க வெயில் வேணும்னு கும்பிடுவோம். ஐப்பசி பொறந்து மழை விழுந்துச்சா, பாத்தி பூரா தண்ணி. அந்தத் தண்ணி வத்தி, பாத்திய மிதிச்சுச் செம்மை பண்ணி, மறுபடி உப்பு எடுக்க மாசி ஆயிரும். அது வரைக்கும் அளமும் கெடையாது, கூலியும் கெடையாது. மத்த வருசம்னா அவிய மழைக்காலத்துல மூட்டை தூக்கவாவது போவாவ. அந்த வருசம் கால்ல உப்புப் புண்ணு, குழி மாதிரி. செருப்புப் போட முடியல. வீட்டுலயே காலை நீட்டிக்கிட்டு உக்காந்துட்டாவ. வடிவுக்கு அப்போ ஒம்பது வயசு. சின்னவன் மூர்த்திக்கு ரெண்டரை. நாலு வயிறு.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், பெருமைக்குச் சொல்லல. இல்லாத வீட்டுல ஆக்கிப் போடுறதுல என்னைய ஒருத்தி ஜெயிக்க முடியாது. ரேசன் அரிசியில பழுப்பு அரிசி வந்தா மத்தவளுவ கோழிக்குப் போடுவாளுவ. நான் அதை வறுத்து ஒடைச்சு, கஞ்சி காய்ச்சிருவேன். வறுத்த வாசனை இருக்கே, அதுலயே பாதிப் பசி அடங்கும். முருங்கைக்கீரை ஓசியில கெடைக்கும். அதை வெறும் மிளகா கிள்ளிப் போட்டு வதக்கினா தொட்டுக்கிட வெஞ்சனம் ஆச்சு. புளித்தண்ணியக் கரைச்சு ரெண்டு வெங்காயம் நறுக்கிப் போட்டா ஒரு நாளு ஓடிரும். மார்க்கெட்டுல கழிச்சுப் போடுத மீன் தலை இருக்குல்லா, அதை வாங்கியாந்து நல்லா ஒறைக்க ஒறைக்கக் குழம்பு வைப்பேன். காரம் கூடினா பிள்ளையளு மறுசோறு கேக்காது, தண்ணியக் குடிச்சிட்டு எந்திச்சிரும்.

இன்னொரு வித்தை இருக்கு. அத யாருக்கும் சொன்னதில்ல, உங்களுக்குச் சொல்லுதேன். கஞ்சியில உப்பு ஒரு கை கூடப் போட்டுரணும். எங்களுக்குத்தான் உப்புக்குப் பஞ்சம் கெடையாதே. உப்பு ஏறினா தாகம் எடுக்கும். பிள்ளையளு தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருக்கும். வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும், பேசாமப் படுத்துரும். எப்படி என் மூளை?

சிரிக்கலியா நீங்க? சரி, விடுங்க.

இதுல எனக்கு ஒரே ஒரு பயந்தான். மானம் போயிரக் கூடாது. அதுக்கும் காரணம் என் மைனிதான். அதுக்கு முந்தின வருசம் அவ வீட்டுல பால் காய்ச்சினா, புது வீடு. நான் பிள்ளையளக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பந்தியில வடிவு மூணாந்தரம் சோறு கேட்டா. பக்கத்துல நின்ன ஒருத்திகிட்ட என் மைனி சொல்லுதா, என் காது கேக்கச் சொல்லுதா, "பிள்ளைக்கு நல்லாப் போடுங்க, தம்பி வீட்டுல எப்பவும் பஞ்சப்பாட்டுத்தான்" அப்படின்னு. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு எனக்கு. சோத்தப் போட்டுக்கிட்டே சொல்லுதா பாருங்க. அன்னைக்கு நெனச்சேன், இனிமே என் வீட்டுப் பசி என் வாசலத் தாண்டாதுன்னு.

எங்க பக்கத்து வீட்டுல எஸ்தரக்கா இருந்தா. மீன் விக்கிறவ. தங்கமான மனுசிதான். ஆனா கூடையத் தூக்கிக்கிட்டு முத்தையாபுரம் வரைக்கும் போவா. என் மைனி வீட்டுலயும் அவ வாடிக்கை. நான் தும்மினா அங்க கேக்கும். அந்த வருசம் தீபாவளி கழிஞ்ச மறுநா, மழை ஊத்துது. காலையில அடுப்புப் பத்த வைக்கல நான். பத்த வச்சு என்னத்தப் போட? எஸ்தரக்கா எட்டிப் பாத்துட்டு, "என்ன பூங்கனி, அடுப்பு பொகையக் காணோம்?"னு கேட்டா. எனக்கு எங்க இருந்துதான் அந்த வார்த்தை வந்துச்சோ, டக்குனு சொன்னேன்: "இன்னையில இருந்து சஷ்டில்லா அக்கா. வீட்டோட விரதம். ஒரு நேரந்தான் சாப்பாடு."

"அப்படியா, முருகனுக்கா? நல்லது, நல்லது"ன்னு போயிட்டா. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பட்டினின்னா கேவலம். அதையே விரதம்னு சொன்னா கையெடுத்துக் கும்பிடுதாவ. இது நமக்கு முந்தியே தோணாமப் போச்சேன்னு இருந்துச்சு.

சொல்லிட்டா ஆச்சா? நம்புத மாதிரி இருக்கணும்லா? மஞ்சளை உரசி நூல்ல தடவி வடிவு கையில காப்பு கட்டினேன். சஷ்டிக்குக் காப்பு கட்டுறது எங்க பக்கம் உண்டு. முடியுத அன்னைக்கு, கட்டினவியளே அவுத்துத் தண்ணியில விடணும். அது வரைக்கும் விரதம் கட்டிக்கிட்டவங்க மேல இருக்கும். நான் ஏன் கட்டிக்கிடலன்னா, நான் நாலு வீட்டுக்கு வேலை கேட்டுப் போறவ, பாத்திரம் தேய்க்கையில அவுந்துரும். பிள்ளை கையில இருந்தா தெருவே பாக்கும். அவளுக்கும் சந்தோசந்தான், கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டா. "எதுக்கும்மா விரதம்?"னு கேட்டா. "மழை நின்னு அளம் தெறக்கணும்னு வேண்டிக்கோ. உனக்கு நல்லா இருக்கும், அப்பாவுக்கும் கால் ஆறும்"னேன். "யாரு சாப்பாடு குடுத்தாலும் விரதம்னு சொல்லணும். வாங்கித் தின்னன்னு தெரிஞ்சிச்சு, தோலை உரிச்சிருவேன். காப்பை நீயா அவுத்தா சாமி குத்தம் ஆயிரும், நாந்தான் அவுக்கணும்"னு சொன்னேன். பிள்ளையளுக்கு அழுத்திச் சொன்னாத்தானே நிக்கும்.

யாரு சாப்பாடு குடுத்தாலும்னா, தெருவுல யாரு குடுத்தாலும்னு அர்த்தம். இது கூடவா தெரியாது? நீங்க சொல்லுங்க. ஒம்பது வயசு, நாலாப்பு படிக்கா.

அந்த ஞாயித்துக்கிழமை எஸ்தரக்கா வீட்டுல கோழிக்குழம்பு. ஒரு சட்டியில எடுத்துக்கிட்டு வந்துட்டா, விரதத்த மறந்துட்டு. வாசலுக்கு வரும்போதே வாசம் வீட்டுக்குள்ள வந்துருச்சு. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள வடிவு முன்னால போயி கையத் தூக்கிக் காட்டுதா, "நாங்க விரதம் பெரியம்மா"ன்னு. எஸ்தரக்கா நாக்கக் கடிச்சுக்கிட்டா. "அய்யோ, மறந்துட்டேன் தாயி, மன்னிச்சுக்கோ"ன்னு அப்படியே திரும்பிட்டா. பெறவு என்ன நெனச்சாளோ, "சின்னவனுக்கு என்ன விரதம்"னு ஒரு துண்டைப் பிச்சு மூர்த்தி வாயில மட்டும் வச்சுட்டுப் போனா. வடிவு அவன் தின்னு முடிக்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. தனக்குன்னு ஒரு துண்டு கேக்கல. எனக்குப் பெருமை தாங்கல எம்மா. இவ்வளவு கட்டுப்பாடா ஒரு பிள்ளை நம்ம வயித்துல பொறந்திருக்கேன்னு நெனச்சேன்.

இப்போ என் கணக்கு எப்படின்னு சொல்லுதேன். காலையில கருப்பட்டிக் காப்பி. மத்தியானத்துக்கு வடிவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. சத்துணவு போடுதாவல்லா, சுடச் சுடச் சோறு, சாம்பாரு, முட்டை. அவ ஒருத்தி அங்க வயிறு முட்டத் தின்னுட்டு வந்துருவா. அப்போ சாயந்தரம் கஞ்சியில அவ பங்கு எதுக்கு? சின்னவனுக்கு வளருத வயசு. அவிய கால்ப்புண்ணு ஆறணும்னா ஒடம்புல தெம்பு வேணும். அதனால பருக்கைய அவங்களுக்கு அடியில இருந்து அள்ளிப் போட்டுட்டு, வடிவுக்கு மேலத்தண்ணி ரெண்டு கரண்டி. நானும் மேலத்தண்ணிதான் குடிச்சேன், நான் ஒண்ணும் ஒளிச்சு வச்சுத் தின்னல. அவ ஏன்னு கேக்கவும் மாட்டா. குடிச்சிட்டுத் தம்ளரக் கழுவிக் கவுத்திருவா.

பள்ளிக்கூடத்துல சாப்பிட்டியாட்டின்னு கேட்டியான்னு நீங்க கேப்பிய. எல்லாரும் அதத்தான் கேட்டாவ. கேக்கல. என்னத்துக்குக் கேக்கணும்? கெவர்மெண்டு போடுத சோறு, வரிசையில நின்னா தட்டுல விழப் போவுது. இதுல கேக்க என்ன இருக்கு?

சஷ்டி முடிஞ்சுச்சு. திருச்செந்தூர்ல சூரசம்காரம் முடிஞ்சு சனமெல்லாம் மழையில நனைஞ்சுக்கிட்டே ஊருக்குத் திரும்பினாவ. காப்பு அவுக்கணும்னு எனக்கு ஞாபகமே வரல. நெசமான விரதமா இருந்தால்லா ஞாபகம் இருக்கும்! நான் சும்மா ஊருக்குச் சொன்ன வார்த்தை அது. என் மனசுல அது ஒரு நூலு, அவ்வளவுதான். எஸ்தரக்கா வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, சஷ்டி எத்தனை நாளுன்னு அவளுக்கும் தெரியாது. அவிய காலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாவ. மழையும் விடல. நடுவுல ரெண்டு நாளு பள்ளிக்கூடத்துக்கே மழை லீவு விட்டாவ. வடிவு மட்டும் தெனமும் காலையில வாசல்ல நின்னு வானத்தப் பாப்பா. பாத்துட்டு உள்ள வந்து பையத் தூக்கிக்கிட்டுப் போவா.

பதினோராம் நாளு. நான் வாசல்ல தேங்கின தண்ணிய வாரி ஊத்திக்கிட்டு இருக்கேன், ஒரு ஆட்டோ வந்து நிக்கி. உள்ள இருந்து டீச்சரம்மா எட்டிப் பாக்குதாவ. மடியில என் பிள்ளை. பிரேயர்ல நிக்கும்போதே சாஞ்சுட்டாளாம். கை காலெல்லாம் சில்லுனு கெடக்கு. "ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஏறுங்க"ன்னாவ. நான் ஏறினேன். போறப்பவே டீச்சரம்மா கேக்குதாவ, "வீட்டுல விரதத்துக்குப் பிள்ளைக்கு என்ன குடுக்கிய? பால், பழம் ஏதாவது குடுக்கியளா இல்லையா?"

நான் சொன்னேன், "வீட்டுல என்ன டீச்சர், அதான் மத்தியானம் பள்ளிக்கூடத்துல சாப்பிடுதாள்லா?"

டீச்சரம்மா என் மூஞ்சியப் பாத்தாவ. "என்னம்மா சொல்லுதிய? அவ தட்டத் தொட்டு பத்து நாளைக்கு மேல ஆச்சே. முட்டை வேண்டாம், சோறாவது தின்னுன்னு ஆயா எத்தன தரம் சொன்னா. காப்பைக் காட்டி, 'எங்க அம்மா வாங்கித் திங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா'ன்னு சொல்லிட்டா. வீட்டுல பாத்துக்கிடுவிய, விரதச் சாப்பாடு குடுப்பியன்னுல்லா நாங்க விட்டுட்டோம்"னாவ.

அய்யோ எம்மா. நான் அவங்க போடுதாவன்னு நெனச்சேன். அவங்க நான் போடுதேன்னு நெனச்சாவ. நடுவுல என் பிள்ளை ரெண்டு எடத்துலயும் ஒண்ணும் திங்காம, காலையில காப்பியும் ராவுல உப்புத் தண்ணியுமா பதினோரு நாளு கெடந்திருக்கா. கண்ணத் தெறந்தவ என்ன சொன்னா தெரியுமா? "அம்மா, நான் யார்கிட்டயும் வாங்கித் திங்கலம்மா"ன்னா. நான் அடிப்பேன்னு நெனச்சிருக்கா. "சஷ்டி முடிஞ்சுதேட்டி, ஒருத்தர்கிட்டயாவது சொல்லப்பிடாதா?"ன்னு நான் அழுதேன். "நீ அவுக்கலியேம்மா. மழையும் நிக்கலியே"ன்னா.

ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தணும்னு நர்சம்மா கையப் புடிச்சாவ. காப்பு எடஞ்சலா இருக்குன்னு கத்திரிக்கோல எடுத்தாவ. பாதி மயக்கத்துல கெடந்த பிள்ளை வெடுக்குனு கையப் புடுங்கிக்கிட்டா. "அம்மாதான் அவுக்கணும், அம்மாதான் அவுக்கணும்"னு ஒரே கத்து. நான் அவுக்கப் போனேன். முடிச்சு நனைஞ்சு நனைஞ்சு இறுகிப் போயிருந்துச்சு. வெரலுக்கு வரல. பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன். அந்தக் கை எலும்பும் தோலுமா என் வாய்ல தட்டுப்பட்டப்போதான் எனக்குத் தெரிஞ்சுது, பிள்ளை எவ்வளவு மெலிஞ்சு போயிட்டான்னு. தெனமும் பாத்த பிள்ளைதான். எனக்குத் தெரியல.

இது போதாதா என் மைனிக்கு? எஸ்தரக்கா மறுநாளே போய்ச் சொல்லியிருக்கா. இட்லிச் சட்டியோட வந்து எறங்கிட்டா. வந்தவ என்னைய நாலு வார்த்தை வஞ்சிருந்தாக் கூட ஆறியிருக்கும். கட்டிலுகிட்ட உக்காந்து, பிள்ளை தலையத் தடவி அழுதா. என்ன அழுகைங்கிய! வார்டே திரும்பிப் பாத்துச்சு. பிள்ளை இல்லாதவளுக்கு நடிக்கச் சொல்லியா குடுக்கணும்? பெறவு இட்லியப் பிச்சு ஊட்டினா. வடிவு ஒவ்வொரு வாய்க்கும் என் மூஞ்சியப் பாத்தா. நான் தலைய ஆட்டினாத்தான் வாயத் தெறந்தா. மரியாதை தெரிஞ்ச பிள்ளை எம்மா, அத்தை ஊட்டினாலும் அம்மாகிட்டக் கேட்டுத்தான் திங்கணும்னு தெரிஞ்ச பிள்ளை. அப்படி வளத்திருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆனப்போ மைனி சொன்னா, "பூங்கனி, ஒரு மாசம் எங்கிட்ட இருக்கட்டும். ஒடம்பு தேறட்டும். பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு, நான் பேசிக்கிடுதேன். உனக்கும் சின்னவனப் பாத்துக்க லேசா இருக்கும்." அவ மாப்பிள்ளைக்கு மாவு மில்லு. அந்த வீட்டுல அரிசிக்கும் மாவுக்கும் என்ன கொறை? நான் முடியாதுன்னேன். "இல்லாதவன்னு நெனச்சுப் பிள்ளையப் புடுங்கப் பாக்கியளா மைனி?"ன்னு கேட்டேன். அவ சொன்னா, "நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அரிசி குடுத்து விட்டுருக்க மாட்டேனாட்டி?"ன்னு. கேக்க விட்டவளா அவ? பஞ்சப்பாட்டுன்னு பந்தியில சொன்னவகிட்டப் போய் அரிசி கேக்கவா? அவிய சொவரப் பாத்துக்கிட்டு, "போயிட்டு வரட்டும் பூங்கனி"ன்னு சொல்லிட்டாவ. அவ்வளவுதான். என் பேச்சு எடுபடல. வடிவு ஆட்டோவுல ஏறி உக்காந்து எனக்குக் கைய ஆட்டினா. காப்பு கெடந்த எடம் வெளுத்துத் தெரிஞ்சுச்சு.

அந்த நாலு மாசம் நான் எப்படி இருந்தேங்கிறத மட்டும் கேக்காதிய. வீட்டுல ஒரு வயிறு கொறைஞ்சு போச்சு, கஞ்சி மிஞ்சுச்சு. மிஞ்சினதக் குடிக்க எனக்குப் புடிக்கல. மாசியில அளம் தெறந்தாவ. பைத்தியம் புடிச்ச மாதிரி வேலை பாத்தேன். மத்தவ ஒரு நடை சுமந்தா நான் ரெண்டு நடை. பங்குனியில ஒரு பாவாடை சட்டை எடுத்துக்கிட்டு, அவளுக்குப் புடிக்குமேன்னு சீனிக்கிழங்கு அவிச்சு எடுத்துக்கிட்டு, பஸ் ஏறினேன். பிள்ளையக் கூட்டிட்டு வந்துரணும், அவ்வளவுதான் எனக்கு. இதே பஸ்சுதான். இதே ரோடுதான்.

போனா, வாசல்ல ஒரு பிள்ளை பாண்டி ஆடிக்கிட்டு இருக்கு. எனக்கு அடையாளம் தெரியல. கன்னம் பூசியிருக்கு, முடி எண்ணெய் போட்டு இறுக்கிப் பின்னியிருக்கு. "அம்மா!"ன்னு ஓடியாந்து கட்டிக்கிட்டா. அந்தக் கட்டுல எனக்கு எல்லாம் மறந்து போச்சு. என் பிள்ளைதான், என்னைய மறக்கல. மைனி காப்பி போட உள்ள போனா. வடிவு என் கையப் புடிச்சு அடுப்பங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, மேல இருந்த டப்பாவ எடுத்து, முறுக்கு ரெண்டு எடுத்து எனக்கு ஒண்ணு குடுத்துட்டு அவளும் ஒண்ணு கடிச்சா. யார்கிட்டயும் கேக்கல. மைனி பக்கத்துலதான் நிக்கா, அவளும் திரும்பிக் கூடப் பாக்கல. நான் சுருக்குனு, "கேட்டுட்டு எடுட்டி"ன்னேன். வடிவு என்னைய ஒரு மாதிரி பாத்தா. கடிச்ச முறுக்கு வாயில அப்படியே நின்னு போச்சு.

அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில இட்லிக்குப் பாத்த மூஞ்சி.

மைனி ஒண்ணும் தடுக்கல, அதையும் சொல்லிருதேன், பொய் சொல்லக் கூடாதுல்லா. "கூட்டிட்டுப் போறதுன்னா போ பூங்கனி, உன் பிள்ளை"ன்னுதான் சொன்னா. துணிய எல்லாம் அவளே மடிச்சுப் பையில வச்சா. வைக்கும்போது கை ஓடல அவளுக்கு, ஒரே சட்டைய மூணு தரம் மடிச்சா. நான் பையத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டு வடிவு கையப் புடிச்சேன். "வாட்டி, போவோம். தம்பி தேடுதான்"னேன். ரெண்டு எட்டு வந்தா. நெலைவாசல்ல நின்னுட்டா.

"என்னட்டி?"

"அம்மா, திரும்ப மழைக்காலம் வருமேம்மா. அப்போ நான் விரதம் இருக்கணுமா?"

ரொம்ப மெதுவாத்தான் கேட்டா. அடம் இல்ல, அழுகை இல்ல. பரீட்சை என்னைக்குன்னு டீச்சர்கிட்டக் கேப்பாளுவல்லா, அந்த மாதிரி. இருக்கணும்னு சொன்னா இருக்கிறதுக்குத் தயாரா நிக்கா.

நான் எஸ்தரக்காகிட்டச் சொன்னேனே, அது மாதிரி டக்குனு ஒண்ணு சொல்லியிருக்கலாம். இல்லட்டி, இனிமே விரதமே கெடையாது, வா. ஒத்த வார்த்தை. ஊருக்கே பொய் சொன்னவ நான். தெரு பூரா நம்ப வச்சவ. அன்னைக்கு எம்பிள்ளைகிட்டச் சொல்ல அந்த ஒரு பொய் எனக்கு வரல எம்மா. ஐப்பசி வரும்லா, மழை வரும்லா, அளம் பூட்டிருவாவல்லா. அவ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கா. நான் பையத் தோள்ல இருந்து எறக்கினேன். "முழுப் பரீட்சை முடியட்டும் தாயி, அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டு ரோட்டுக்கு வந்துட்டேன். திரும்பிப் பாக்கல. பாத்தா, அவ சந்தோசமா நிக்காளோ அழுதுக்கிட்டு நிக்காளோ, ரெண்டுல எதையும் என்னால தாங்க முடியாது.

பெறவு போனேன், வந்தேன். வருசா வருசம் போவேன். கூப்பிடல. அவளும் கேக்கல. எப்பமோ ஒரு நாளு மைனிய அம்மான்னு கூப்பிட்டா, நான் பக்கத்துல இருக்கும்போதே. என்னையவும் அம்மான்னுதான் கூப்பிடுவா, அதுல கொறை சொல்ல முடியாது.

முத்தையாபுரம் வந்துருச்சோ? ஆமா, கண்டக்டர் விசில் அடிக்காரு. அந்தத் தாம்பாளத்தக் கொஞ்சம் தூக்கி விடுங்க. பாத்து, பூவு.

ஆனா நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கம்மா. ஒம்பது வயசுப் பிள்ளை. அதுக்கு அப்படிக் கேக்கத் தெரியுமா? என் மைனிதான் சொல்லிக் குடுத்திருக்கணும். அம்மா வந்து கூப்பிட்டா இப்படிக் கேளுன்னு, சொல்லிக் குடுத்துத்தான் நிப்பாட்டியிருக்கணும். பதினாலு வருசமா நான் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அவளாக் கேட்டிருக்க மாட்டா.

இல்லேன்னு மட்டும் சொல்லிராதிய எம்மா. நான் எறங்குதேன்.